செபமாலை மதாம்

வியாழன், 9
காலையிலிருந்தே புழுக்கம். சாம்பல் நிறப் புடவை இஸ்திரியிலிருந்து வந்தது. மடிப்பு கோணல். திருப்பி அனுப்பினேன்.

சனிக்கிழமை என் வீட்டுக்காரர் இறந்த முதல் வருடப் பூசை. வேத வாசகம் கிளேர் வாசிப்பாள் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லியாயிற்று. அப்பாவுக்கு மகள் வாசிக்காமல் வேறு யார்? அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

கொழுந்தனார் ஆந்த்ரே பாரீஸிலிருந்து வந்து பெட்டியைக்கூட வைக்கவில்லை. "அண்ணி, அது மேடைல நின்னு கைய உதறும். சனங்க சிரிக்கும். என் பொண்ணு வாசிக்கட்டும்."

'அது'வாம். நாற்காலியைச் சொல்வதுபோல.

செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளி, 10
இன்றும் புழுக்கம். கிளேருக்கு வாசிப்புப் பயிற்சி. கையைக் கட்டிக்கொண்டு வாசி என்றேன். எங்கள் கன்னியர் பள்ளியில் அமைதிக்கு 'சிலாந்ஸ்' என்று சொன்னால் விரல்கூட அசையாது. செத்தா போனோம்?

கட்டிக்கொண்டாள். மூன்றாம் வரியில் குரல் நின்றுவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டம், முனகல். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி எத்தனையோ வருடம். இன்னும் நான் முதலில் ஜன்னலைத்தான் மூடுகிறேன்.

வெகுநேரம் கழித்து: "கை ஆடினாத்தாம்மா உள்ள இருக்கறது அடங்கும். அடங்கினாத்தான் வாய் வரும். நீங்க மட்டும் உருட்டலாமா?"

"நான் செபம் சொல்றேன்."

"இல்ல. உதடு அசையல. சித்தப்பா போன் வந்தா உடனே செபமாலைய எடுக்கறீங்க. அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ ஒரே மணியத் தேய்ச்சீங்க. பாலிஷே போயிடுச்சு."

எடுத்துப் பார்த்தேன். போயிருக்கிறது.

மீன்காரியிலிருந்து சாமியார்வரை எல்லோருக்கும் நான் செபமாலை மதாம். பக்தி என்று நினைப்பு. எனக்கும் அப்படித்தான்.

கையைக் கட்டு என்று மறுபடி சொல்லவில்லை.

சனி, 11
தூறல். புடவை மடிப்பு சரி. கோவில் நிறைய உறவு. முன்வரிசையில் நான், பக்கத்தில் ஆந்த்ரே.

கிளேர் மேடைக்குப் போனாள். முதல் வரியிலேயே அவள் இடது கை உதறத் தொடங்கியது, ஈரம் உதறுவதுபோல். குரல் கணீரென்று. ஒரு ழகரம் பிசகவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

ஆந்த்ரே என் காதருகே குனிந்தார். "அண்ணி, கையப் பாருங்க, கைய!"

செபமாலையைக் கைப்பையில் போட்டு மூடினேன். மடிமேல், எல்லோரும் பார்க்க, கட்டைவிரலால் மற்ற விரல்நுனிகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன்:

"எந்தக் கைய?"