பெற்றவளிடமிருந்து பிள்ளைக்கு

ஒத்தக்கடை,
ஞாயிறு காலை

அன்புத் தம்பி சித்தார்த்துக்கு,

அக்கா முத்துமீனா எழுதுகிறேன். ஷார்ஜா வெயிலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுசாகப் படி. அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்று மாதமாக நான் மாத்திரை சாப்பிடுகிறேன். பதறாதே. கல்லூரி ஆபீஸில் எனக்கு இரண்டாவது மெமோ வந்தது. ஃபைல் மேஜைமேலேயே இருக்கும், செய்ய வேண்டியதும் தெரியும், கை மட்டும் போகாது. மதுரையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஏ.டி.எச்.டி. என்றார். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமில்லையாம், பெரியவர்களுக்கும் உண்டாம். ஈ.சி.ஜி., பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை எழுதினார். பசி குறைந்துவிட்டது, வாய் காய்கிறது. ஆனால் எடுத்த வேலையை முடிக்கிறேன் தம்பி, நாற்பத்தொரு வயதில்! வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன்.

நம் அம்மாவைத் தவிர வேறு யார்? களையெடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வரப்பேறிப் போய்விடுவாள். உலை வைத்ததை மறந்து கூரை பற்றிக்கொண்டதே, அதற்குப் பிறகுதானே அப்பா பேயோட்டக் கோடாங்கியைக் கூட்டிவந்தார். வேப்பங்குலையால் அடித்து, அவள் உச்சி முடியைப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைந்து, அறுத்துவிட்டார்கள். பேய் மரத்துக்குப் போய்விட்டது என்று ஊரே சொன்னது. அம்மா இன்றைக்கும் அதை நம்புகிறாள்.

போன மாதம் ரோட்டை அகலப்படுத்த அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். அந்தச் சேதி வந்த வாரம்தான் என் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். நான்தான் பெரிய மேதாவியாச்சே, டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். இது பிறவியிலேயே இருப்பது, பல நேரம் பெற்றவளிடமிருந்து பிள்ளைக்கு வரும் என்றேன். அவள் முகம் வெளிறிவிட்டது. "அப்ப மரத்துல இருந்து எறங்கி நேரா ஒங்கிட்டதான் வந்துருக்கு" என்றாள்.

வியாழக்கிழமை ஆளைக் காணோம். கடைக்குப் போனாலே வழி மறக்கிறவள், மாட்டுத்தாவணியில் இறங்கி, பஸ் மாறி, வாடிப்பட்டி தாண்டி நம் பழைய ஊருக்கே போய்விட்டாள். கோடாங்கி செத்துப் பல வருடம். அவர் மகன் தவசி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன்தான் போன் செய்தான். "அக்கா, ஒங்கம்மா முனியாயி ஆத்தா வேப்பங்கொலையோட வந்து ஒக்காந்துருக்கு. பேய எம் மகள விட்டுட்டு ஏங்கிட்டயே வந்துரச் சொல்லுடாங்குது. எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னா கேக்க மாட்டேங்குது" என்றான். நான் போனபோது, வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்து, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடியை அள்ளி முடிந்துவிட்டு, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

நேற்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பொங்கி வழிந்து தீ அணைந்து, வீடெல்லாம் கேஸ் நாற்றம். நான் ஓடிப்போய் மூடிவிட்டுத் திரும்பினால், அவள் வாசலில் நின்று சிரிக்கிறாள். எத்தனை வருடமாயிற்று அவள் அப்படிச் சிரித்து! "வந்துருச்சு முத்து, ஏங்கிட்டயே வந்துருச்சு. இனிமே நீ அந்த மாத்திரைய விட்டுரு" என்றாள்.

அவளுக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. பேய் தன்னிடம் இருக்கிறவரை மகள் பிழைப்பாள் என்று நம்புகிறவள் எப்படி மாத்திரையைத் தொடுவாள்? பேயே இல்லை என்று சொல்லியாக வேண்டும். சொன்னால், "அப்ப என்னைய எதுக்குடி அன்னைக்கு அடிச்சீக?" என்று கேட்பாள்.

அன்றைக்கு அவள் ஒரு கையை நீ பிடித்தாய், மறு கையை நான் பிடித்தேன். நம் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கெஞ்சினாள். நாம் விடவில்லை. அப்பாவும் இல்லை, கோடாங்கியும் இல்லை. அவளுக்குப் பதில் சொல்ல நாம் இரண்டு பேர்தான் மிச்சம். எனக்குத் தனியாகத் தைரியம் இல்லையடா. லீவு கேட்டு வந்துவிடு.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

உன் அக்கா,
முத்துமீனா