தொட்டிலில் படுத்திருந்த கல்

அன்பு மகள் இலக்கியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஏதோ சாப்பிட்டுத் தூங்கி நடமாடிக்கொண்டிருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை சுபாஷும் சுகமா என்று எப்போதும்போல் கேட்க இந்தத் தடவை கை வரவில்லை கண்ணு. போனில் நீ அழுதால் நான் மக்காச்சோளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

குழந்தை வயிற்றிலேயே போன பிறகு நீ சொன்னாயே, "மலைக்கோயில்ல நாம வேண்டிக்கினு கட்டின தொட்டில அவுத்துடுங்கப்பா, அது அங்க தொங்கிக்கினு இருக்குதுன்னு நெனச்சாலே தூக்கம் வரல" என்று. வெள்ளிக்கிழமை போனேன். அம்மாவுக்கு முட்டி வலி, அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பாதி மலையில் மழை பிடித்துக்கொண்டது. சின்ன வயசில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்காமல் ஏறிய அதே படிகள்தான், இப்போது அங்கங்கே உட்கார்ந்து ஏறினேன். முருகன் முன்னால் போய் நிற்க மனசில்லை, கோபம்தான், நேராகப் பின்னால் இருக்கும் மரத்துக்குப் போய்விட்டேன். அங்கே எல்லாத் தொட்டிலும் வெயிலில் வெளுத்து ஒரே நிறமாகத் தொங்குகிறது. தொட்டிலாகக் கட்டின உன் நீலத் தாவணியை முடிச்சை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், அம்மா நெல் மூட்டைக்குப் போடுகிற மாதிரி ரெட்டை முடிச்சு போட்டிருந்தாள். அவிழ்த்தேன். துணி சரி, உள்ளே பிள்ளையென்று நீ படுக்கவைத்த கல் இருக்கிறதே, அதைக் கீழே போட என்னால் முடியவில்லை. பூசாரி பழனி பார்த்துவிட்டு, "மரத்தடியிலேயே போட்டுட்டுப் போங்க, எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க" என்றார். குனிந்தேன். மண் ஈரமாக இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அம்மாவிடம் துணியை மட்டும் கொடுத்தேன். "கல்லு இன்னா ஆச்சு" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பஸ்ஸில் சின்னசேலம் வரும்வரை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். தாவணியைத் துவைத்து மடித்து அதன்மேல் கல்லை வைத்து உன் பீரோவில் வைத்திருக்கிறாள். "அவுத்தாச்சுன்னு மட்டும் எழுதுங்க" என்றாள், உன்னிடம் மறைக்க எனக்கு வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசு, அவருக்கும் அது பிள்ளைதான். உன்மேல் ஒரு தப்பும் இல்லை, யாராவது ஏதாவது சொன்னால் என்னிடம் சொல். நீ நன்றாக இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை. லீவு கிடைத்ததும் வந்துவிடு, மலைக்கெல்லாம் போக வேண்டாம், சும்மா வந்து தூங்கு. அந்தக் கல்லை என்ன செய்வதென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை, நீ வந்துதான் சொல்ல வேண்டும்.

உன் அப்பா
அரங்கநாதன்