காலிப் பொட்டலம்

மார்ச் 3, திங்கள்

இரத்தப் பரிசோதனை இயந்திரம் முடிவுகளை யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு அனுப்புகிறது; நிரல் என்னுடையது. ஒவ்வொரு முடிவும் நோயாளி பெயரோடு பொட்டலம் பொட்டலமாகப் போகும்; ஒரு பொட்டலத்தில் அறுபத்து நான்கு பைட்டுக்கு மேல் ஏறாது. மிஞ்சியது அடுத்த பொட்டலத்தில் போகும். எங்கள் மேனேஜருக்கு, அதாவது 'சிக்கன'த்துக்கு, அது பொறுக்கவில்லை. "நாலு எழுத்துக்காக இன்னொரு வண்டியா? நோயாளி பேரைக் கொஞ்சம் வெட்டும்மா." வெட்டினேன். நீளப் பெயர்க்காரர்களின் முடிவுகளெல்லாம் இப்போது அறுபத்து நான்கில் கச்சிதமாக முடிகின்றன. எனக்கே பெருமையாக இருந்தது.

மார்ச் 4

ஹேங் ஆகிறது! சில நோயாளிகளுக்கு முடிவு வருகிறது. சிலருக்குக் கணினி பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து பார்க்க வருகிறார்கள். அன்றும் இப்படியென்றால் இயந்திரத்தை மேல்மாடியில் நிரல் எழுதும் இன்னொரு குழுவிடம் கொடுத்துவிடுவாராம் சிக்கனம். நான் பெத்து வளர்த்தது — தூக்கிக் குடுத்துடுவாராமே!

மார்ச் 5

"கேபிளை மாத்திப் பாத்தீங்களா?" மேல்மாடிக்காரர் கேட்டார். வாட்ச்மேனும் கேட்டார். கணவரின் ஷேவரில் இருந்த கேபிளையும் பிடுங்கி வந்து மாட்டினேன். அவர் அரைத் தாடியோடு வேலைக்குப் போனதுதான் மிச்சம்.

மார்ச் 6

சாப்பாட்டு நேரம். கணவர் சூப் ஊற்றினார். நான் கிண்ணத்தை நீட்டியபடியே இருந்தேன்.

"இன்னும் ஏன் நீட்டிட்டு இருக்க?"

"கரண்டி முழுசா வந்துச்சே, இன்னும் இருக்கும்னு..."

"சட்டி காலிம்மா."

அரைக் கரண்டி வந்திருந்தால் தீர்ந்தது என்று நானே கையை இழுத்திருப்பேன். அடடா — கணினியும் இதைத்தானே பண்ணுது? பொட்டலம் நிறைஞ்சு வந்தா, இன்னும் வரும்னு காத்துக்கிட்டு நிக்குது. குறைஞ்சு வந்தாத்தான் முடிஞ்சதுன்னு அதுக்குப் புரியும். நிறைஞ்சே முடிஞ்சா, பின்னாடியே ஒரு காலிப் பொட்டலம் அனுப்பணும். ஹேங் ஆனதெல்லாம் நீளப் பேர்க்காரங்க! கச்சிதமா வெட்டின புத்திசாலி யாரு? நான்தான்.

சூப் ஆறிப்போனது.

மார்ச் 7

"உள்ள ஒண்ணுமே இல்லாம ஒரு வண்டியா?" சிக்கனத்துக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. "ஆமா சார். வெட்டின பேரையும் முழுசா வச்சிட்டேன்."

மருத்துவமனைக்காரர் வேண்டுமென்றே நீள நீளமான பெயர்களாகத் தட்டினார். எல்லாருக்கும் முடிவு வந்தது. அழுகையும் வந்தது, கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 10

மேல்மாடிக்காரர் தன் குழுவின் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க இறங்கி வந்தார். "இதுவும் அப்பப்ப நின்னுடுதுங்க. இனி இதையும் நீங்களே பாத்துக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

மேசையில் இப்போது காபி வைக்க இடமில்லை.