சந்தனப் பொட்டு வைத்த சர்வர்

06.10.2025, திங்கள்

போதும். பத்து வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இந்த வாரம் எழுதிவிடுவது என்று முடிவு.

நான் வேலை பார்த்த கல்லூரியின் பழைய, இன்றைய ஆசிரியர்களுக்கு ஓர் இணையப் பலகை இருக்கிறது. பெயரோடும் எழுதலாம், பெயரில்லாமலும் எழுதலாம். காலையில் திறந்தால் நர்மதாவுக்கு வாழ்த்து மேல் வாழ்த்து. ஏதோ விருதாம். துறைத் தலைவர் நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது, அவருக்குப் போனது. அதுகூடப் போகட்டும். உட்கார்ந்த சூட்டோடு, நான் கட்டி வளர்த்த கல்லூரி மெயில் சர்வரை நிறுத்திவிட்டு வேலையை வெளியாளிடம் கொடுத்தார். நான் ராஜினாமா கொடுத்தேன். இருங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இதையெல்லாம் என் பெயரைப் போட்டே எழுதுவேன். பயம் என்ன?

எழுத உட்கார்ந்தேன், கொளஞ்சியின் போன். குரும்பலூரில் எங்கள் வெங்காய உழவர் நிறுவனத்தின் ஆபீஸைப் பார்த்துக்கொள்பவர்.

"சார், பினாங்குக்குப் போட்ட மெயிலு திரும்பி வந்துடுச்சு. போடப் போட வருது. சுவத்துல அடிச்ச பந்து மாதிரி."

07.10.2025, செவ்வாய்

நிறுவனத்தின் மெயில் என்னுடைய சர்வரில் ஓடுகிறது. ஆபீஸ் மூலையில் ஒரு பெட்டி, தை மாதம் நான் வைத்தது. இலவச மெயில் இருக்கும்போது இது எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். நம் கடிதம் நம் கூரைக்குக் கீழே இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். ஒன்றை நிறுத்தினார்கள், இன்னொன்றை ஓட்டிக் காட்ட வேண்டும்.

இன்று பார்த்ததில், கொளஞ்சியின் கணக்கை யாரோ பிடித்துக்கொண்டு ஊர் உலகத்துக்கெல்லாம் மாத்திரை விளம்பரம் அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் முகவரி கருப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தப் பட்டியலைப் பார்க்கும் சர்வர் எதுவும் எங்கள் மெயிலை வாங்காது.

"பாஸ்வேர்ட் என்ன வெச்சிருந்தீங்க?"

"முருகன், ஒண்ணு ரெண்டு மூணு."

"நான் குடுத்தது என்னாச்சு?"

"அது வாயில நொழையல சார். கொளஞ்சின்னாலே முருகந்தானே. எம்பேரு அவரு பேரு. காப்பாத்த மாட்டாரா?"

மாற்றினேன். அனுப்பக் காத்திருந்த குப்பையை எல்லாம் அழித்தேன். பட்டியல்காரர்களுக்கு நீக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டேன்.

08.10.2025, புதன்

நீக்கிவிட்டார்கள். சோதனை மெயில் போனது. கொளஞ்சி டீ வாங்கி வந்தார். நன்றாகவே இருந்தது. பினாங்கில் இரவாகிவிட்டதால் ஆவணங்களைக் காலையில் அனுப்பலாம் என்று விட்டோம்.

09.10.2025, வியாழன்

மறுபடியும் பட்டியலில்! இந்த முறை எங்கள் தலைவி செங்கமலம் அம்மாவின் கணக்கு. காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினால்தான் இரண்டாம் முறை நீக்குவார்களாம். காரணம்? பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாகத் தட்டுகிறவனைத் தானாகவே வெளியே தள்ளும் காவல் நிரல் ஒன்றை ஆரம்பத்திலேயே போட்டிருக்கிறேன். அதைத் தாண்டி எப்படி வந்தான்?

எங்கள் வெங்காயத்தை வாங்கும் பினாங்கு வியாபாரி பதிவு செய்த முகவரியிலிருந்து வரும் ஆவணங்களைத்தான் ஏற்பார். போட்டோ எடுத்து போனில் அனுப்பினால், "மெயில்ல வரட்டும்" என்கிறார். முன்பு யாரிடமோ ஏமாந்திருக்கிறார். குறை சொல்ல முடியாது. திங்கள் வரை பொறுப்பாராம். அதற்குப் பிறகு வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்.

செங்கமலம் அம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"வாத்தியாரே, மழை புடிச்சுக்கிச்சு. பட்டறைக்குள்ள காத்து பூந்து வந்தாத்தான் வெங்காயம் நிக்கும். சாரல் அடிச்சா வேர்த்துப் போயி மொளை விட்டுரும். மொளை விட்டத எவன் வாங்குவான்? ஒங்க பொட்டி எப்பத்தான் வாயத் தொறக்கும்?"

இத்தனை குடும்பங்களின் வெங்காயம் வயலோரம் தட்டி கட்டிய அந்தப் பட்டறைகளில் கிடக்கிறது. இலவச மெயிலுக்கே போய்விடலாம் என்று இயக்குநர்கள் பேசிக்கொண்டார்கள். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள்.

கொளஞ்சி தன் பங்குக்கு யோசனை சொன்னார். "விருத்தாசலம் பக்கத்துல கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயி பிராது கட்டிருவோம் சார். யாரு மேல என்ன கொறைன்னு தாள்ல எழுதி வேல்ல கட்டுனா அவரு பாத்துக்குவாரு. ஒண்ணு, பேரும் ஊரும் கண்டிப்பா எழுதணும். மொட்டக் கடுதாசிய அவரு படிக்க மாட்டாரு."

சிரிப்பு வந்தது. வீட்டில் நர்மதா மேல் பாதி எழுதி வைத்திருக்கிறேனே, அதுவும் பேரும் ஊரும் போட்ட பிராதுதானே?

10.10.2025, வெள்ளி

நர்மதா போன் செய்தார். பத்து வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல்.

"சார், உங்க சர்வர்லேருந்து எங்க காலேஜுக்குக் குப்பை கொட்டுது. வெங்காயக் கம்பெனின்னு பாத்ததும் நீங்கதான்னு தெரிஞ்சுது. எங்க பக்கம் தடுத்துட்டேன். ஆனா தடுத்துட்டு சும்மா இருக்க முடியல. நாளைக்கு வந்து பாக்கட்டுமா?"

வேண்டாம் என்று வைத்துவிட்டேன். வேடிக்கை பார்க்க வருகிறாள் — வரட்டுமே, வந்து சிரிக்கட்டுமே — எதுக்கு வரணும்? யாரு கூப்பிட்டது?

வெளியே மழை வலுத்தது. பட்டறைகள் நினைவுக்கு வந்தன.

நானே கூப்பிட்டேன். "வாங்க மேடம்" என்றேன்.

11.10.2025, சனி

அரியலூரிலிருந்து ஸ்கூட்டரில், மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வந்தார். தலை நரைத்திருக்கிறது. விருதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சர்வரின் பதிவுகளை ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். செப்டம்பர் முழுக்க, தப்பாகத் தட்டியவனெல்லாம் உடனுக்குடன் தடுக்கப்பட்டிருக்கிறான். அக்டோபரில் ஒரு நாளிலிருந்து ஒருவனைக்கூடத் தடுக்கவில்லை. என்னென்னவோ காரணம் சொன்னேன். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

"இது எப்ப வெச்சது?"

"ஆயுத பூஜைக்கு மேடம்," என்றார் கொளஞ்சி. "இதுவும் ஆயுதந்தானே? வருசமெல்லாம் ஒழைக்குது. அன்னிக்கு அமத்தி, பொட்டு வெச்சு, மாலை போட்டு ஓய்வு குடுத்தேன். மறுநா விஜயதசமிக்குத் தேங்கா ஒடச்சுட்டு போட்டு வுட்டேன்."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"சார் சாமியே கும்புட மாட்டாரு. சொன்னா என்னைய ஒடச்சிருப்பாரு."

நர்மதா என் பக்கம் திரும்பினார். "காவல் நிரல் ஓடுதான்னு பாருங்க."

ஓடவில்லை.

இன்வெர்ட்டர் இருப்பதால் தை மாதத்திலிருந்து ஆயுத பூஜை வரை அந்தப் பெட்டி ஒருமுறைகூட நின்றதில்லை. காவல் நிரலைத் தையில் நான் கையால் ஓட விட்டேன். பெட்டி நின்று எழுந்தால் நீயும் எழுந்திரு என்று அதற்குச் சொல்லி வைக்கவில்லை. விஜயதசமியிலிருந்து கதவில் ஆளே இல்லை. வந்தவன் எல்லாம் ஆற அமர பாஸ்வேர்ட் தட்டிப் பார்த்திருக்கிறான்.

கொளஞ்சி மேல் பாயப் போனேன். நர்மதா முந்திக்கொண்டார். "அவரை விடுங்க சார். படுத்தா எந்திரிக்கத் தெரியாத வாட்ச்மேனை வேலைக்கு வெச்சது யாரு?"

கொளஞ்சிதான் முதலில் சிரித்தார். பிறகு நானும். வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு காலமாகிறது?

அதன்பின் வேலை. காவல் நிரலைத் தானாக எழும்படி செய்து, பெட்டியை நிறுத்தி நிறுத்திப் போட்டுச் சோதித்தோம். எல்லோருக்கும் நீளமான பாஸ்வேர்ட். வாயில் நுழையும்படி அவரவர் சொன்ன சம்பந்தமில்லாத நாலு சொற்கள். ஒரு கணக்கு ஒரு மணி நேரத்தில் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு. இனி ஒன்று களவு போனாலும் ஊரையே நாற அடிக்க முடியாது. உள்ளே நுழைந்து நிர்வாகம் செய்யும் வழியில் பாஸ்வேர்டையே எடுத்துவிட்டோம். இனி என் கணினியில் இருக்கும் சாவிக்கோப்பு இருந்தால்தான் திறக்கும். காரணத்தை முழுதாக எழுதி விண்ணப்பம் போட்டேன்.

கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "பத்து வருசத்துக்கு முன்னாடி மேனேஜ்மென்ட்கிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"உங்களோட சேந்து வேலை பாக்க முடியாதுன்னு சொன்னேன்." மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார். "இன்னைக்குக் கேட்டாலும் அதான் சொல்லுவேன். காலைலேருந்து எத்தனை தடவை என் கையிலேருந்து கீபோர்டைப் புடுங்கினீங்க?"

புடுங்கினேன்தான்.

12.10.2025, ஞாயிறு

விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. மழை.

13.10.2025, திங்கள்

காலையில் நீக்கிவிட்டார்கள். பினாங்குக்கு ஆவணங்கள் போயின. பகலுக்குள் பதில்: கிடைத்தது, சரக்கை ஏற்றுங்கள்.

செங்கமலம் அம்மா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பேசிருச்சு" என்றார். இலவச மெயில் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மாலையில்தான் பார்த்தேன். நர்மதாவும் பட்டியல்காரர்களுக்குத் தனியாக எழுதி, எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார். அதில் கடைசி வரி: "இந்தச் சர்வரை நடத்துபவரை எனக்குத் தெரியும். சரிசெய்துவிட்டேன் என்று அவர் சொன்னால் சரிசெய்திருப்பார்."

சேர்ந்து வேலை பார்க்க முடியாது என்று சொன்னவரும் இவர்தான். இரண்டுமே உண்மையாக இருக்கிறதே, என்ன செய்வது?

17.10.2025, வெள்ளி

தீபாவளிக்கு முன்பே லாரி கிளம்பிவிட்டது. ஓரிரண்டு பட்டறைகளில் அடிப்பக்கம் முளைத்துவிட்டதாம், மற்றதெல்லாம் தப்பியது.

நாற்காலி விஷயம் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். ஆனால் பாதியில் நின்ற அந்தப் புகாரைத் திறந்தபோது மேற்கொண்டு ஒரு வரிகூட ஓடவில்லை. அழித்தேன். அதே இடத்தில் வேறொன்று எழுதினேன். மழையில் ஸ்கூட்டரில் வந்தது, கேட்காமலே பட்டியல்காரர்களுக்கு எழுதியது, அந்தக் கடைசி வரி. மூன்றே பத்தி. முடிவில் நன்றி.

பலகையில் போடப் போகிறேன், பெயரில்லாமல். என் பெயரைப் பார்த்தால் எல்லோரும் என்னைப் படிப்பார்கள். நன்றியைப் படிக்க மாட்டார்கள். அவருக்கு யார் என்று தெரியாமலா போகும்?

பிராதுக்குத்தான் பேரும் ஊரும் வேண்டும். இதற்கு வேண்டாம்.