வத்திக்குச்சி இல்லாமல் வந்த தீ

கோவில்பட்டி
14-3-61

அன்பு மகள் மேரிராணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையாலும் மாதாவின் துணையாலும் நானும் உன் அப்பாவும் இங்கே உயிரோடு சுகமாக இருக்கிறோம், பம்பாயில் உன் சுகத்துக்கும் உன்னோடு நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளைகளின் சுகத்துக்கும் எழுது. உயிரோடு என்று எழுதியதைப் பார்த்துப் பயந்துவிடாதே, அப்பாவுக்குக் கண்ணும் முகமும் நன்றாகவே இருக்கின்றன, இடது முழங்கைக்குக் கீழே பெரிய கொப்புளம் ஒன்று, மீசை ஒரு பக்கம் பொசுங்கிப் போயிற்று, அவ்வளவுதான், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் சனிக்கிழமையிலிருந்து எனக்கு நெஞ்சு அடங்கவில்லை, சோறு இறங்கவில்லை, அதனால்தான் கையெழுத்து இப்படிக் கோணலாகப் போகிறது.

முதலாளி காசிராஜன் அண்ணாச்சி மகளுக்கு இருபத்தாறாம் தேதி கல்யாணம், மாப்பிள்ளையைத் திருநெல்வேலியிலிருந்து அழைத்துவர அப்பா ஓட்டுகிற பிளசர் கார்தான் போகிறது. போன வாரம் அண்ணாச்சி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, என்ன பாக்கியசாமி, அடுப்பங்கரை கணக்கால்லா இருக்கு என்று சொல்லிவிட்டார். உன் அப்பாவுக்கு அந்த ஒரு சொல் போதாதா, ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டார். அந்த இடம் உனக்குத் தெரியும், நம் சுவர் இடுப்பளவுதான், அதற்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸ் களம், மருந்தில் முக்கி எடுத்த தீக்குச்சிகளைச் சட்டம் சட்டமாக வெயிலில் காயப் போட்டிருந்தார்கள்.

பெட்ரோலுக்குப் பதில் மண்ணெண்ணெய் விட்டு என்ஜினைக் கழுவினால் என்ன என்று கேட்டேன். என்ஜின் சூடானால் வாடை வரும், மாப்பிள்ளை மூக்கைப் பொத்துவாரு, பெட்ரோல்னா பறந்து போயிரும் என்றார். கவனம் இல்லாத மனுஷர் என்று அவரைச் சொல்ல முடியாது. மடியிலிருந்த பீடியையும் தீப்பெட்டியையும் எதிர்வீட்டு வேலுத்தாயிடம் கொடுத்துவிட்டார், என் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைக்கச் சொன்னார், அக்கம்பக்கத்தில் யாரும் உலை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார், தெருவே பழைய சோற்றைத் தின்றது. தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் பீடி, நெருப்பு இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்த்துத்தானே உள்ளே விடுகிறார்கள், இந்த ஊர்க்காரர்களுக்குத் தீ என்றால் குச்சியிலிருந்துதான் வரவேண்டும். பெட்ரோல் டின்னைத் திறந்ததும் அந்த வாடையில் எனக்குத் தலை சுற்றியது, பயமாக இருக்கிறது என்றேன். வத்திக்குச்சி இல்லாம தீ எங்கனருந்து ஏட்டி வரும், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்தார்.

பேசினில் பெட்ரோலை ஊற்றி, பிரஷால் தேய்த்து, மில்லிலிருந்து வாங்கிவந்த பஞ்சு வேஸ்டால் துடைத்துக்கொண்டே வந்தார். பிசுக்கு கருப்புக் களியாக வழிந்தது, அதற்குள்ளிருந்து என்ஜினின் பச்சை நிறம் தெரிய வந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நானும் கொஞ்ச நேரம் பயத்தை மறந்துவிட்டேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு நட்டைக் கழற்றும்போது ஸ்பானர் கைநழுவி அதன் மேல் விழுந்தது. சடக்கென்று நீலமாக ஒரு பொறி, அவ்வளவுதான் மகளே, மறு நொடி பானெட்டு உயரத்துக்குத் தீ. நான் போட்ட சத்தத்தில் களத்துப் பெண்கள் மணல்வாளிகளோடு சுவரைத் தாண்டிக் குதித்து வந்து அள்ளி வீசினார்கள். காற்று மட்டும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் அவர்களும் இல்லை, நாங்களும் இல்லை.

வண்டிக்குப் பெரிய சேதம் இல்லை, இரண்டு வயர் கருகிப் போயிற்று, ஆனால் என்ஜின் எங்கும் மணல். என் பயமே இனிமேல்தான். வருகிற சனிக்கிழமை மறுபடியும் அதே இடத்தில், அதே பெட்ரோலை வைத்துக் கழுவப் போகிறாராம். பேட்டரி வயரை முதலில் கழற்றிவிட வேண்டுமாம், யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டாராம், இனிப் பயமில்லையாம். பஸ் ஸ்டாண்டு ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்களேன் என்றால், என் வண்டியில ஊரான் கை வைக்கவா என்று எரிந்து விழுகிறார். அவர் வயரைக் கழற்றுவார், நான் நம்புகிறேன், ஆனால் அந்தக் கையை நம்பமாட்டேன். காப்பி டம்ளரை எடுத்தால் கை நடுங்கிப் பாதி சிந்துகிறது. கேட்டால் குளிருது என்கிறார், இந்தப் பங்குனி வெயிலில். பீடியை வாயில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுகிறார், நான் குச்சியைக் கிழித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவருக்கு என்னைவிடப் பயம், ராணி. அதை ஒத்துக்கொள்ளத் தெரியாமல்தான் மறுபடியும் அதில் கையை விடப் பார்க்கிறார். பட்ட காலிலே படும் என்பார்கள்.

என் பேச்சு எடுபடாது, உன் பேச்சைத் தட்டமாட்டார். இது வெள்ளிக்கிழமை உன் கையில் கிடைத்தால் அன்றைக்கே ஒரு தந்தி அடி. புண்ணில் பெட்ரோல் பட்டால் சீழ் வைத்துக் கையையே எடுக்க வேண்டி வரும் என்று நர்ஸ் சொல்வதாகச் சொல். பயந்து விட்டுவிட்டார் என்று ஊர் சொல்லாது, மகள் சொன்னதால் விட்டுவிட்டார் என்றுதான் சொல்லும், அதில் அவருக்குக் குறைவில்லை. உன்னிடம் ஏன் கெஞ்சுகிறேன் தெரியுமா, தீ கிளம்பியபோது அவர் பின்னால் ஓடவில்லை, இரண்டு கையையும் விரித்து வண்டிக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றார். ராணி, தள்ளிப் போ, ராணி, தள்ளிப் போ என்று கத்தினார். சின்னப் பிள்ளையில் அவர் வண்டி கழுவும்போது நீ பக்கத்தில் நிற்பாயே, அங்கேயே நீ நிற்பதாக நினைத்துவிட்டார். உன்னைக் காக்கத்தான் தீக்கு முன்னால் நின்றார், அதில் பட்டதுதான் அந்தக் கொப்புளம். நான் சொன்னதாக அவருக்கு எழுதிவிடாதே.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டூட்டி முடிந்து தனியாக வராதே. தந்தியில் முதல் வார்த்தை சுகம் என்று போடு, தந்திக்காரனின் சைக்கிள் மணியைக் கேட்டாலே எனக்கு உயிர் போய்விடும்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா
சந்தனமேரி