என்னை யாரும் உதைக்கவில்லை

அனுப்புநர்:
உடற்கல்வி ஆசிரியை (மருத்துவ விடுப்பில்),
மகளிர் மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: என் குதிகால் நாண் தானாக அறுந்ததற்கு எட்டாம் வகுப்பு மாணவி பள்ளியிலிருந்து நீக்கப்பட்டது – ஆணையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நான் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஜூலை 5 அன்று காலை, எட்டாம் வகுப்பு மாணவியருக்குத் தொடர் ஓட்டம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது நாற்பத்து நான்கு. எப்படிப் புறப்பட வேண்டும் என்று காட்டுவதற்காக நானே குனிந்து, காலை உந்திப் பாய்ந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். குதிகாலுக்கு மேலே யாரோ ஓங்கி உதைத்ததுபோல் இருந்தது. விழுந்தபடியே திரும்பிப் பார்த்தேன். பின்னால் அந்த மாணவி நின்றிருந்தாள். ஷூ போடாமல் வந்ததற்காக முந்தைய நாள்தான் அவளைத் திட்டியிருந்தேன். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

2. தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்து, அவள் என்னை உதைத்ததாக என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். "நான் தொடவே இல்ல டீச்சர்" என்று அவள் வெளியே அழுதது காதில் விழுந்தது. விழுந்தும் கையெழுத்திட்டேன். அன்று மாலையே தங்கள் அலுவலகம் அவளை நீக்கியது. அந்த வேகத்தை அதற்குப் பிறகு அங்கே நான் காணவில்லை.

3. மறுநாள் எலும்பு மருத்துவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கினார். பாதம் அசையவில்லை. நான் வாய் திறக்கும் முன்பே, "பின்னாலேர்ந்து யாரோ உதைச்ச மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யாரும் உதைச்சிருக்க மாட்டாங்க. இங்க வர்ற நிறையப் பேர் பின்னால நின்னவங்களைத் திட்டிட்டுத்தான் வர்றாங்க" என்றார். கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தடித்த நாண், நடுவயதில் திடீரென்று உந்தும்போது இப்படி அறுவதுண்டாம். அறுவை சிகிச்சையில் அதைத் தைத்தார்கள். அந்த மேசையில் படுத்திருந்தபோது என் காலைப் பற்றி நான் நினைக்கவில்லை.

4. மருத்துவர் சான்றோடு முதல் மனுவைக் கொடுத்தேன். தங்கள் பிரிவு எழுத்தர், "நீங்க எழுதினதை நீங்களே இல்லைங்கறீங்க. யாராவது மிரட்டினாங்களா?" என்று கேட்டார். இரண்டாவது மனுவுக்கு, "புகார் கொடுக்கப் படிவம் இருக்கு, திரும்ப வாங்கப் படிவம் இல்ல" என்றார். மூன்றாவதற்கு எக்ஸ்ரே கேட்டார். எக்ஸ்ரேயில் நாண் தெரியாது என்று சொல்லியே கொடுத்தேன். அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பு ஒண்ணும் உடையலையே, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?" என்றார். ஐயா, இதைக் கேட்கத்தான் ஊன்றுகோலோடு மூன்று முறை இரண்டு மாடி ஏறியிருக்கிறேன்.

5. கடந்த வாரம் மாணவியின் தாயார் நடத்தும் சலவைக் கடைக்குப் போனேன். பள்ளி நேரத்தில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அவள் மடித்து வைத்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு, "எல்லாரும் சொல்றாங்க. ஒருவேளை எனக்கே தெரியாம உதைச்சிட்டேனோ, டீச்சர்?" என்றாள். தாங்களும் ஒரு முறை அந்தக் கேள்வியை நேரில் கேட்க வேண்டும்.

6. குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று தங்கள் அலுவலகம் தாயாரிடம் சொல்லியிருக்கிறது. தேர்வு வரும் திங்கட்கிழமை தொடங்குவதால் அவரும் மகளை எழுதவைத்துவிட்டார். அந்தக் கடிதத்தை நான் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டேன். இதற்கு என்மீது நடவடிக்கை எடுப்பதானால் எடுங்கள்.

ஆகவே, திங்கட்கிழமைக்குள் நீக்க ஆணையை ரத்து செய்யுமாறு வேண்டுகிறேன். புதிய ஆணையில் 'மன்னிக்கப்பட்டார்' என்ற சொல் வேண்டாம். 'அவர் எந்தத் தவறும் செய்யவில்லை' என்று எழுதி, அவள் பெயருக்கே அனுப்புங்கள். அவள் படித்துப் பார்க்க வேண்டும்.

இணைப்பு: அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை.

நாள்: செப்டம்பர் 22
இடம்: என் வீடு

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பொய்ப் புகார் கொடுத்த உடற்கல்வி ஆசிரியை