புளியமரத்துக்கு இந்தப் பக்கம்

என் மதினிக்கு,

அந்தக் கல்லுக்குக் கண் இருந்ததா, இல்லையா? நீங்கள் போய் ஒன்றரை வருடமாகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல நான் எவ்வளவு யோசிப்பேன் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நாளைக்குக் குலசாமிக்குப் பொங்கல். போன வருடம் துக்கம் என்று யாரும் போகவில்லை. கேமராவுக்குச் சார்ஜ் போட்டுவிட்டு எழுதுகிறேன். பேட்டரி இப்போது அரைநாள்கூடத் தாங்குவதில்லை.

கல்லூரியில் செடிகொடிகளைக் காட்டிப் பாடம் நடத்த வாங்கிய சின்னக் கேமரா. உங்கள் சுருக்குப்பைக்குள் அடங்கிவிடும். பொத்தானை அழுத்தினால் மூக்கு நீளும். அதைக் கண்டதும் நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"எம்புட்டுத் தூரம் இழுக்கும்?"

நரிக்குடி தாண்டி, கருவேலங்காட்டுக்குள், தாழ்ந்த ஓட்டுக் கொட்டகையில் கல்லாக நம் சாமி. புளியமரத்துக்கு அப்பால் பெண்கள் போகக்கூடாது. ஏன் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன், தாண்டியதில்லை. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நீங்கள் அங்கேயே நின்று பொங்கல் வைத்தீர்கள். படையல் அண்ணன் கையில் உள்ளே போகும்.

"யாரக் கும்புடுறோம்னு தெரியாமலே கும்புட்டுக்கிட்டு இருக்கேன், காலேசு" என்றீர்கள். எனக்கு நீங்கள் வைத்த பெயர் அது.

நான் பாடம் எடுத்தேன். "லென்ஸு நீளுற வரைக்கும்தான் நெசம், மதினி. அதுக்கு மேல இழுத்தா கேமராவே இட்டுக்கட்டும். தூரம் போகப் போக வெளிச்சமும் குறையும்."

"நெசத்த நீ பாத்துக்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

நீங்கள் வந்த கடைசிப் பொங்கலன்று வெயிலில் திரை தெரியவில்லை. உங்கள் முந்தானையை இருவர் தலைக்கும் மேலாகப் போட்டுக்கொண்டோம். உள்ளே சேலையின் மஞ்சள் வெளிச்சம், விறகுப் புகை, உங்கள் மூச்சு. வெளியே காடு அனலில் நெளிந்துகொண்டிருந்தது. கடைசிவரை இழுத்தீர்கள். அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் அதில் படம் விழும். அதற்குள் கை ஆடிவிட்டது.

கட்டம் கட்டமாக உடைந்த கறுப்பு. அதில் இரண்டு வெளிறிய புள்ளிகள்.

"கண்ணு இருக்குடி! என்னயவே பாக்குது."

"அது புள்ளி, மதினி. கண்ணு இல்ல."

வேனில் திரும்பும்போது அண்ணனிடம் மட்டும், "சாமிக்கு எம்புட்டுப் பெரிய கண்ணு!" என்றீர்கள். அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த பொங்கலுக்கு நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று தெரிந்திருந்தால் அதைப் புள்ளி என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. உறுத்துவது அதுதான்.

அண்ணன் இப்போது தானே குழம்பு வைக்கிறார். உப்பு அதிகம். உங்கள் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது.

இதுவரை நேற்று எழுதியது. இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

புளியமரத்தடியில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு கேமராவை இழுத்தேன், நிஜம் முடியும் இடம் வரை மட்டும். திரையில் இருட்டுதான் தெரிந்தது. கொட்டகைக்குள்ளிருந்து அண்ணன் திரும்பிப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் சூடத்தட்டை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் உயர்த்தினார். சூடம் அணையும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வெள்ளிக் கண்கள். பெரிய கண்கள்.

அவர் வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணே, இது முன்னாடியே இருந்துச்சா?"

"வெறுங்கல்லுதான் ஆத்தா." விரலில் ஒட்டிய கரியை வேட்டியில் துடைத்தார். "அருப்புக்கோட்டையில செய்யச் சொல்லி, காலையில நாந்தேன் பதிச்சேன். அவ பாத்தேன்னு சொன்னாள்ல."

மதினி, நீங்கள் எடுத்த படத்தை அழிக்கமாட்டேன். அடுத்த பொங்கலுக்குக் கேமராவை மரத்தடியில் நிற்கும் எல்லாப் பெண்களிடமும் கொடுப்பேன். எது புள்ளி, எது கண் என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
காலேசு